ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்க்க அரை நாள் ஒதுக்கலாமா?

செங்காங் தாய்:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் எடின்பரோ செல்கிறோம். கட்டடக்கலை படிக்கும் மூத்த மகள், ஹோலிரூட்டில் உள்ள நாடாளுமன்றத்துக்கு அரை நாளாவது வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பக்கத்துக் குன்றிலிருந்தே கிளைத்து வந்ததுபோல் அதை வடிவமைத்தார்களாம். படங்களிலோ காங்கிரீட்டும் மரக்கழிகளும்தாம் என் கண்ணில் படுகின்றன. நேரில் பார்த்தவர்கள் கருத்துக் கூற வேண்டுகிறேன்.

தோ பாயோ வாசகர்:
அம்மா, உங்கள் ஐயம் நியாயமானதே. ராயல் மைல் தெரு வழியாக இறங்கிவந்து வாசலில் நிற்பவருக்கு அந்தக் கட்டடம் பிடிபடாது. முதலில் எதிரே உள்ள சாலிஸ்பரி பாறைமுகட்டில் ஏறிப் பாருங்கள். இலைகளைப் போலவும் கவிழ்த்த படகுகளைப் போலவும் கிடக்கும் கூரைகளும், அவற்றிலிருந்து நீண்டு புல் போர்த்துக்கொண்டு பூங்காவுக்குள் கரைந்துவிடும் தாழ்ந்த மேடுகளும், பார்சலோனாக் கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயெஸ் என்ன நினைத்தார் என்பதை அங்கிருந்துதான் விளக்கும். பணி முடியும் முன்பே, 2000ஆம் ஆண்டில், அவர் காலமானார். கட்டடம் 2004இல் திறக்கப்பட்டது. உள்ளே விவாத மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், ஓக் மர உத்தரங்களும் எஃகு இணைப்புகளும் பின்னிப் பிணைந்து கூரையைத் தாங்குகின்றன. (2006இல் அவற்றுள் ஓர் உத்தரம் கழன்று தொங்கியதால் உறுப்பினர்கள் சில வாரங்கள் வேறிடத்தில் கூட நேர்ந்தது.)

புக்கிட் பாத்தோக்வாசி:
நான் அவ்வளவு மயங்கவில்லை. தொடக்கத்தில் 10 முதல் 40 மில்லியன் பவுண்டு என்று சொல்லப்பட்ட செலவு 414 மில்லியனில் போய் நின்றது. அதை விசாரிக்கத் தனிக் குழுவே அமைத்தார்கள். 2005இல் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது உண்மைதான். ஆனால் சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டின் புல்கூரைமேல் பட்டம் விட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, தரையோடு நின்றுவிடும் அந்தப் புல் ஏமாற்றமாகவே இருக்கும். பூங்காப் பக்கம் நிலத்தோடு இணக்கமாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். தெருப் பக்கம் அப்படித் தோன்றவில்லை.

தோ பாயோ வாசகர்:
தெருப் பக்கத்தையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. அங்குள்ள கேனன்கேட் தெருவை ஒட்டிய சுவரை நெருங்கிப் பார்த்தால், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த கற்கள், நிறத்திலும் சொரசொரப்பிலும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல், காங்கிரீட்டில் பதிந்திருக்கும். இடையிடையே கவிதை வரிகள் பொறித்த கற்களும் உண்டு. நிலத்தைக் காட்டப் புல் ஒன்றுதானா வழி?

ஈசூன் பயணி:
நடைமுறைக்குச் சில தகவல்கள். நுழைவு இலவசம், விமான நிலையத்தில் போலப் பைகளைச் சோதிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை செல்ல வேண்டாம். நாடாளுமன்ற அவை பெரும்பாலும் செவ்வாய் முதல் வியாழன் வரை கூடும். வியாழன் நண்பகலில் முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரத்துக்குக் கூட்டம் மிகுதி என்பதால், இலவச அனுமதிச்சீட்டை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். ஜூலையில் கோடை விடுமுறை விட்டுவிடுவார்கள். உங்கள் பயணம் ஜூனில் அமைந்தது நல்லதாயிற்று. இலை வடிவக் கூரைச் சாளரங்கள் உள்ள தோட்டக் கூடத்தை மகள் பார்க்க விரும்பினால், வழிகாட்டியுடன் செல்லும் சுற்றில் சேர்த்துவிடுங்கள்.