மலைக்கள்ளி கொழும்புப் பல்கனியில் பிழைக்குமா? மழை தடையா, குளிரின்மை தடையா?

வெள்ளவத்தை மாடி:
துருக்கியில், அங்காராவில் வேலை செய்யும் மச்சான் ஒரு செடியின் படம் அனுப்பியிருக்கிறார். காய்ந்த மலைச்சரிவு, எங்கும் கல்லும் சரளையும். தண்டுகள் தரையோடு படர்ந்திருக்கின்றன. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தடித்த இலைகள், தண்டைச் சுற்றிச் சுருளாக அடுக்கு. நுனியில் பச்சை மஞ்சளில் பூங்கொத்து. பெயர் யூபோர்பியா மிர்சினைட்டீஸ் என்று கண்டுபிடித்துவிட்டேன், தலைப்பில் மலைக்கள்ளி என்றது இதைத்தான். "நம்முடைய கள்ளியின் சொந்தம்தானே, தண்ணீர் இல்லாமலே வளரும், விதை கொண்டு வரட்டுமா?" என்கிறார். என் பல்கனி கடல் பக்கம், பின்னேர வெயில் நன்றாக விழும். வளருமா?

மன்னார் மணல்:
ஏன் வளராது? கள்ளி செத்தால் அதைக் கொன்றது தண்ணீராகத்தான் இருக்கும். மூன்று பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு சின்னச் சல்லி, கொஞ்சம் மக்கின இலை. சாடிக்கு அடியில் பெரிய துளை. மேலே கூரை. எங்கள் ஊரில் சதுரக்கள்ளிக்கு எவரும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை, வேலியோரம் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. கொழும்பில் வருடத்துக்கு 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறதுதான். சாடிக்குள் விழாத மழை செடியை என்ன செய்யும்?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
தம்பி, சதுரக்கள்ளியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். இந்தக் கள்ளிகள் சேரும் யூபோர்பியா பேரினத்தில் ஏறக்குறைய 2000 இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பால் உண்டு என்பதற்காக எல்லாம் ஒரே மாதிரிச் சீவிப்பதில்லை. சதுரக்கள்ளி இலையைச் சீக்கிரம் உதிர்த்துவிட்டுப் பச்சைத் தண்டால் உணவு தயாரிக்கும். இரவில் இலைவாய் என்கிற நுண்துளைகளைத் திறந்து காபனீரொட்சைட்டை வாங்கிச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு வேலை செய்யும்.

மிர்சினைட்டீஸ் அப்படியல்ல. அது இலைச்செடி. பகலில்தான் இலைவாய் திறக்கிறது, நீர் இழக்கிறது. தடித்த இலையும் மெழுகுப் பூச்சும் ஓரளவு காக்கும். ஆனால் அது பெரிதும் நம்பியிருப்பது பருவ ஒழுங்கை. இந்த வருடம் அடியிலிருந்து தண்டுகள் வரும். அவை இலையோடு குளிர்காலத்தைக் கடக்கும். அடுத்த வசந்தத்தில் நுனியில் பூத்து, கோடையில் விதை தள்ளிச் செத்துப்போகும். அதற்குள் புதுத் தண்டுகள் கிளம்பியிருக்கும். பல்லாண்டு வாழ்வது வேரும் அடிக்கட்டையும்தான், ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டு பருவம். அங்காராவில் வருடத்துக்குச் சுமார் 400 மில்லிமீற்றர்தான் மழை, அதிலும் கோடையில் மிகக் குறைவு. வெள்ளவத்தையில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். முதல் பருவம் முடிந்து இரண்டாவது தொடங்கியது என்று அந்தத் தண்டுக்கு எது சொல்லும்?

மன்னார் மணல்:
ரீச்சர், அப்போ பனிக்கட்டி வாங்கிச் சாடியில் போட வேண்டுமா? கலிபோர்னியாத் தோட்டங்களிலும் இதை வளர்க்கிறார்கள். கரையோரத்தில் பனி எங்கே விழுகிறது?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
பனி விழாது. ஆனால் குளிர்காலம் இருக்கிறது, இரவுகள் நன்றாகக் குளிரும். மழையும் அந்தக் காலத்தில்தான், கோடையில் வறட்சி. துருக்கிக்கும் கலிபோர்னியாவுக்கும் பொதுவான ஒழுங்கு அது. உங்கள் கூரை மழையை மட்டும் தடுக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை எங்கே ஒதுக்கி வைப்பீர்கள்?

பதுளைக்காரன்:
இடையில் புகுகிறேன். கொழும்பைப் பற்றிச் சண்டை ஏன்? நுவரெலியாவில் வையுங்கள். சராசரி 16 பாகை, தை மாசியில் சில விடியற்காலைகளில் தரையில் உறைபனியும் உண்டு. இன்னொன்று, இதே வகை இலை யூபோர்பியா நம் மலைநாட்டுப் புல்வெளிகளிலேயே இருக்கிறது. யூபோர்பியா ரோதியானா. நீலகிரியிலும் உண்டு. அப்போ "குளிர்நாட்டுக் கூட்டம் இங்கே வாழாது" என்பது சரியா?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
நல்ல சாட்சி. ரோதியானாவும் மிர்சினைட்டீசும் ஒரே துணைப்பேரினம். ஆனால் நான் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, ஓர் இனத்தைப் பற்றிப் பேசுகிறேன். ரோதியானா நம்முடைய மழையிலும் முகிலிலும் உருவானது. நுவரெலியா குளிரைத் தரும், ஆனால் வறண்ட கோடையைத் தராது. மன்னார்த் தம்பி பாதியைத் தருகிறார், நீங்கள் மற்றப் பாதியைத் தருகிறீர்கள்.

மன்னார் மணல்:
பொயின்செற்றியாவும் மெக்சிக்கோ மலைச்சரிவுச் செடிதான், அதுவும் யூபோர்பியாதான். மார்கழியில் கொழும்பிலேயே சிவக்கிறது. அதற்குக் குளிர்காலம் யார் கொடுத்தது?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
அதற்குக் குளிர் தேவையில்லை, நீண்ட இரவு தேவை. நம் ஊரில் பகல்நீளம் வருடம் முழுக்க ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை. அந்தச் சின்ன வித்தியாசமே அதற்குப் போதும். தெருவிளக்கு விழும் இடத்தில் வைத்தால் சிவக்கத் தயங்கும். அது வெப்பவலயச் செடி, அதன் கடிகாரம் வேறு.

வெள்ளவத்தை மாடி:
சரி, ஒரு சந்தேகம். மச்சான் இன்னொரு படம் அனுப்பினார், கிட்ட வைத்து எடுத்தது. அந்த மஞ்சள் "இதழ்" இரண்டும் இதழ் மாதிரியே இல்லையே? நடுவில் பிறைபோலக் கொம்புள்ள சின்னச் சின்ன உறுப்புகள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
நல்ல கண். மஞ்சளாகத் தெரிவது பூவடியிலைகள். அவற்றுக்கு நடுவே இருக்கும் கிண்ணம் ஒரு பூவல்ல, ஒரு பூந்துணரே, அதாவது பல பூக்கள் சேர்ந்த கொத்தே, ஒடுங்கிக் கிண்ணமாகியிருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பெண் பூ. அதற்கு அல்லியும் இல்லை, புல்லியும் இல்லை, மூன்று அறைச் சூலகம் மட்டும் காம்பில் வெளியே தொங்கும். சுற்றிலும் ஆண் பூக்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு மகரந்தக்கேசரம். விளிம்பில் நீங்கள் பார்த்த கொம்புள்ள உறுப்புகள் தேன் சுரப்பிகள்.

தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1753இல் இதை ஒரே பூவாக எண்ணி, பல கேசரமும் மூன்று சூல்தண்டும் உள்ள வகுப்பில் போட்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாவரவியலாளர் ரொபேர்ட் பிரவுண் ஒவ்வொரு கேசரத்தின் நடுவிலும் ஒரு மூட்டு இருப்பதைக் கவனித்தார். மூட்டுக்குக் கீழே பூக்காம்பு, மேலே கேசர இழை. ஆகவே ஒவ்வொரு கேசரமும் தனிப்பூ. நம்பாதவர்களுக்கு அந்தொஸ்ரெமா என்ற ஆபிரிக்கச் சொந்தக்காரி இருக்கிறாள். அவளுடைய ஆண் பூவில் அந்த மூட்டு இருக்கும் இடத்திலேயே சின்னப் புல்லிவட்டம் மிஞ்சியிருக்கிறது.

மன்னார் மணல்:
தேனீக்கு அது பூதான். ரீச்சருக்கு மட்டும் பூந்துணர்.

மருந்துக்கடை மாமா:
வளருமா வளராதா என்கிற சண்டைக்கு முன்னால் வேறு விஷயம். இதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் கருவிழி அழன்றுவிடும். காய் முற்றி வெடித்தால் விதை சில மீற்றர் தூரம் தெறிக்கும். விதையின் நுனியில் கொழுப்புள்ள ஒரு முடிச்சு உண்டு, அதற்காக எறும்பு இன்னும் தூரம் தூக்கிப் போகும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் இதை முழுக்க ஒழிக்க வேண்டிய களைப் பட்டியலில் வைத்திருக்கிறது, அங்கே தோட்டத்திலிருந்து தப்பி வறண்ட மலையடிவாரத்தில் பரவியது. சும்மா பொக்கற்றில் விதை கொண்டு வர வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையமும் இருக்கிறது.

மன்னார் மணல்:
இதுதான் எனக்கு விளங்கவில்லை. ரீச்சர் சொல்கிறார் இங்கே பிழைக்காது. மாமா சொல்கிறார் பரவி நாட்டை நாசமாக்கும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை மாமா:
நாட்டை நாசமாக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? விதையோடு பூஞ்சணமும் பூச்சியும் வரலாம், அது பிழைக்கச் செடி பிழைக்க வேண்டியதில்லை. பல்கனியில் சின்னப் பிள்ளை இருந்தால் அதுவே போதும் எனக்கு.

மன்னார் மணல்:
அனுமதி எடுத்துக் கொண்டு வந்தால்? எனக்குப் பூ தேவையில்லை, அந்த நீல இலைதான் அழகு. பூக்காவிட்டால் தண்டு சாகாது என்பது ரீச்சரின் கணக்கிலேயே வருகிறது. அப்போ இலாபம்தானே?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
கெட்டிக்காரத்தனம். ஆனால் பூக்காத தண்டு நீண்டுகொண்டே போகும், அடி இலைகள் உதிரும். நுனியில் மட்டும் ஒரு கொத்து இலையோடு மொட்டைத் தண்டு தொங்கும் என்பது என் கணிப்பு. மழைக்காலப் புழுக்கத்தில் வேர் அழுகுவது தனி.

வெள்ளவத்தை மாடி:
வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறான், ஆகவே விதை வேண்டாம் என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டேன். அவர் சித்திரையில் மறுபடி அந்த மலைக்குப் போகிறார். கேசரத்து மூட்டு தெரியும்படி படம் எடுக்கக் கேட்டிருக்கிறேன். அந்தக் கிண்ணத்தை இங்கேயே பார்க்க வழி உண்டா ரீச்சர்?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
தொடர்மாடிக்குக் கீழே நடைபாதை வெடிப்பில் அம்மான் பச்சரிசி கட்டாயம் இருக்கும். அதுவும் யூபோர்பியாதான். இலைக்கக்கத்தில் இருக்கும் சின்ன உருண்டையில் அத்தனையும் கிண்ணங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். பிடுங்கினால் கையைக் கழுவுங்கள், அதற்கும் பால் உண்டு.

மன்னார் மணல்:
நான் இன்னும் கூரையும் மணலும் போதும் என்றுதான் சொல்வேன். அனுமதிப் பத்திரம் எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.