நம்ம வீட்டு மக்கள்: ஞாயிற்றுக்கிழமை அரட்டை

அம்மா: இங்கே மணி நாலரை. காலையிலிருந்து உன்னிடமிருந்து ஒரு மெசேஜும் இல்லை. எழுந்தாயா இல்லையா?

நான்: எழுந்து, குளித்து, பக்கத்து ஊருக்கே வந்தாயிற்று அம்மா. ஃபியூர்த்தில் இருக்கிறேன்.

சித்தி: அது எங்கே? நீ இருப்பது நியூரம்பெர்க் அல்லவா?

நான்: அங்கிருந்து மெட்ரோவில் கால் மணி நேரம் சித்தி. வழியில் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயரே ‘நகர எல்லை’. ஜன்னலில் பார்த்தால் எல்லையும் இல்லை ஒன்றும் இல்லை, கட்டடமாகவே போகிறது.

தம்பி: அப்படியென்றால் இரண்டும் ஒரே ஊர்தானே அக்கா?

நான்: அதை மட்டும் இங்கே வந்து சொல்லிவிடாதே. வறுத்த பாதாம் விற்கிற பாட்டியிடம் “நியூரம்பெர்க் அழகாக இருக்கிறது” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார். தரையைக் காட்டி, “இது ஃபியூர்த்” என்றார். அப்புறம்தான் பொட்டலம் கைக்கு வந்தது.

நான்: இரண்டையும் சேர்த்துவிடலாமா என்று 1922இல் வாக்கெடுப்பு வைத்தபோது, வேண்டவே வேண்டாம் என்று சொன்ன ஊர் இது. அந்தப் பக்கம் ஐந்து லட்சத்துக்கு மேல் ஜனம், இந்தப் பக்கம் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் கூட. ரோஷம் மட்டும் குறைவில்லை.

பெரியப்பா: ஃபியூர்த்தா! ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் போன ஊர் பாப்பா அது. 1835 டிசம்பர். நியூரம்பெர்க்கிலிருந்து ஆறு கிலோமீட்டர். எஞ்சின் பெயர் ஆட்லர், கழுகு என்று அர்த்தம். ஸ்டீபன்சன் கம்பெனியில் செய்து, பாகம் பாகமாகப் பெட்டியில் வைத்து இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள்.

தம்பி: போச்சு. பெரியப்பாவைக் கிளப்பிவிட்டாய்.

பெரியப்பா: பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் இருந்தவன் முன்னால் ரயில் பேச்சை எடுத்தால் அப்படித்தான். ஓட்டிய வில்சனும் இங்கிலாந்துக்காரர். கொஞ்ச நாளைக்கென்று வந்தவர், 1862இல் சாகும்வரை திரும்பிப் போகவே இல்லை. அந்த ஸ்டேஷன் இருக்கிறதா? போட்டோ அனுப்பு.

நான்: 1938இல் இடித்துவிட்டார்கள் பெரியப்பா. அந்த இடம் இப்போது திடல், இன்றைக்கு ராட்டினம் சுற்றுகிறது. மெட்ரோ போட்டோ அனுப்புகிறேன், கொஞ்ச தூரம் பழைய ரயில் போன வழியில்தான் ஓடுகிறது. முதலில் ஏற்றிய சரக்கு என்ன தெரியுமா? 1836இல் இரண்டு பீப்பாய் பீர்.

தம்பி: அதுதான் உண்மையான சரக்கு ரயில் 😂

அம்மா: டேய், பெரியப்பா இருக்கிற குழு இது.

பெரியப்பா: விடும்மா, சரியாகத்தான் சொல்கிறான்.

சித்தி: ராட்டினம் எதற்கு? திருவிழாவா?

நான்: ஆமாம். உள்ளூர்ப் பேச்சில் கேர்வா. மிகையேல் தேவாலயத்தைப் புனிதப்படுத்திய நாளைக் கொண்டாடுவது. நம் கோயில் வருஷாபிஷேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி மைதானம் கிடையாது, ஊர்த் தெருக்களிலேயே கடை போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைத்தெருவே வெறிச்சோடும், இங்கே இன்றைக்கு நடக்க இடமில்லை.

சித்தி: பின்னால் தெரிகிற வீடெல்லாம் பழையதா?

நான்: நிறைய பழையதுதான். 1945 ஜனவரி 2 இரவு விழுந்த குண்டில் நியூரம்பெர்க்கின் பழைய நகரம் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. இந்த ஊர் பெரும்பாலும் தப்பித்தது. டவுன்ஹால் கோபுரம் மட்டும் ஃபிளாரன்ஸ் அரண்மனையைப் பார்த்துக் கட்டியது. கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது, ஆனாலும் எனக்குப் பிடித்தது.

நான்: காலையில் யூதர் அருங்காட்சியகம் போனேன். 1499இல் நியூரம்பெர்க் யூதர்களை வெளியேற்றியது. 1528இலிருந்து ஃபியூர்த் குடியிருக்க விட்டது. அந்த வீட்டின் நிலவறையில் சடங்குக்கு முழுக்குப் போடும் குளம் இருக்கிறது. படி இறங்க இறங்கக் காலில் சில்லிப்பு ஏறுகிறது. அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த கிஸ்ஸிங்கர் இந்த ஊர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல், 15 வயதில், நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பிப் போனார்.

அம்மா: ம்.

அம்மா: சாப்பிட்டாயா?

நான்: பாகர்ஸ். உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி தட்டி எண்ணெயில் போடுகிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ்.

சித்தி: அடைக்கு ஆப்பிளா? கஷ்டகாலம்.

அம்மா: மிளகாய்ப்பொடி கொண்டுபோகவில்லையா?

நான்: பையில் இருந்தது. நல்லவேளை, பாதாம் பாட்டி கண்ணுக்குத் தெரியாத தூரம். தூவிக்கொண்டேன்.

பெரியப்பா: மெட்ரோ போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறேன். எல்லாரும் பாருங்கள்.

தம்பி: “நியூரம்பெர்க்கில் என் தம்பி மகள்” 🙈

நான்: பெரியப்பா!!!

பெரியப்பா: அழித்துவிட்டேன், அழித்துவிட்டேன். எப்படி எழுத வேண்டும், ஃபியூ போட்டு அப்புறம்?