புகைமூட்டத்துக்கும் இனிப்புநீருக்கும் (சர்க்கரை நோய்) தொடர்பு உண்டா? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

செந்தூல் மகள்:

அப்பா இருபது வருடமாக ஜாலான் ஈப்போ பக்கம் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். 2019 செப்டம்பர் புகைமூட்டம் ஞாபகம் இருக்கிறதா? கோலாலம்பூரில் ஐபியு (காற்று மாசுக் குறியீடு) நாள்கணக்கில் 100-க்கு மேலேயே நின்றது. பட்டறைக் கதவு அடைக்க முடியாத கதவு. சாயங்காலம் அப்பா மூக்கைத் துடைத்தால் துணியில் கருப்பாக வரும்.

அப்பாவின் அந்த மாதச் சர்க்கரைக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெறும் வயிற்றில் 7-க்குள் (மில்லிமோல் கணக்கு) இருந்த சர்க்கரை 8.6, 9.1, 9.4 என்று ஏறியிருக்கிறது. மருந்து மாறவில்லை. சமையல் அம்மா கைதான், குடிப்பது தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் போடாத தேநீர். கிளினிக்கிலோ, "அங்கிள், ஒளிச்சு வச்சு இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்புறம் தேடிப் படித்தேன். பிஎம் 2.5 என்கிற, காற்றில் மிதக்கும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் அடி வரை இறங்கி அழற்சியைக் கிளப்பும். அந்த அழற்சி ரத்தத்தோடு ஈரல், கொழுப்பு என்று பரவினால் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்காது, சர்க்கரை ஏறும். 2009-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கொழுப்புத் தீனி கொடுத்த சுண்டெலிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மாசுக் காற்றும் மற்றதுக்கு வடிகட்டிய காற்றும் கொடுத்தார்கள். தீனி ஒன்றுதான். மாசை சுவாசித்தவற்றுக்கே இன்சுலின் எதிர்ப்பு கூடியது. அதைப் படித்தபோது அப்பா முகம்தான் கண்ணில் வந்தது.

பிறை தொழிற்சாலைக்காரர்:

தங்கச்சி, எனக்கு மண்டையில்தான் பிரச்சினை. நைட் ஷிஃப்ட் முடிந்து லோரிகளுக்கு நடுவில் மோட்டாரில் வருவேன். புகை நாட்களில் சாவியை எங்கே வைத்தேன் என்பதுகூட நினைவு வராது. தூக்கக் குறைவும் இருக்கலாம். ஆனால் மணநரம்பு மூக்கிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, மிக நுண்ணிய துகள் அந்த வழியாகவும் ஏறலாம் என்கிறார்கள். 2016-இல் மெக்சிகோ நகரம், மான்செஸ்டர் இரண்டிலும் இறந்த 37 பேரின் மூளையைச் சோதித்ததில், கடும் சூட்டில் உருவாகும் உருண்டையான காந்த இரும்புத் துகள்கள் கிடைத்தன. வண்டிப் புகையிலும் இருப்பவை அவை. துகள் பட்டால் மூளையின் காவல் அணுக்கள் அழற்சியைத் தொடங்கும். சுண்டெலிகளில் பசியையும் சர்க்கரையையும் ஆளுகிற ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் அப்பா கதையும் என் கதையும் அங்கே ஒன்றாகிவிடுகிறது, பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள், அம்மா! ஒரு சுருளில் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இலேயே அளந்திருக்கிறார்கள். சோதித்ததில் நம் மலேசியச் சுருளும் உண்டு. என் மாமியாருக்கு நான் பல வருடம் தலைமாட்டிலேயே வைத்தேன்.

செந்தூல் மகள்:

அக்கா, நாங்களும் நிறுத்திவிட்டோம். அப்பாவுக்கு நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன், சாதா மாஸ்க்கில் இந்தத் துகள் சரியாக நிற்காது. அந்த அக்டோபரில் மழை இறங்கியதும் அளவு 7.2-க்கு வந்தது. இப்போது சர்க்கரை எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய ஐபியுவையும் அப்பாவே எழுதுகிறார். போன தடவை டாக்டர் அந்த நோட்டைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.