பேலியோ ஆறாம் நாள்: தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, பட்டையில் வெளிர் ரோஸ்

சைக்கிள்காரன்:
சோறு, சர்க்கரையை விட்டு மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ டயட் ஆரம்பித்து இன்றோடு ஆறு நாள். வயது 38. எடை 91 கிலோவிலிருந்து 88.4. மாத்திரை எதுவும் கிடையாது. ஆரம்பிக்கும் முன் பார்த்ததில் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் சரி, பிரஷரும் சரி. காலையில் ஊறவைத்த பாதாம் 100. மதியம் மூன்று முட்டை, நெய்யில் வதக்கிய முட்டைக்கோஸ் 200 கிராம். இரவு கோழி அல்லது பன்னீர். சர்க்கரை போடாத காபி இரண்டு வேளை, வேளைக்கு 150 மில்லி பால். தண்ணீர் நாலு லிட்டர். டயட் என்பதால் உப்பையும் பாதியாகக் குறைத்தாயிற்று.

மூன்றாம் நாளிலிருந்து தலைவலி. சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. இரண்டு மாடி ஏறினால் தொடை கனக்கிறது. கீட்டோன் பார்க்கும் சிறுநீர்ப் பட்டையில் வெளிர் ரோஸ்தான் வருகிறது. உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும் கீட்டோசிஸுக்கே போகவில்லையா? கொஞ்சம் சோறு சேர்க்கணுமா?

கல்லுப்பு:
சோறு வேண்டாம். நீங்கள் குறைத்த உப்புதான் பிரச்சினை.

மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் இறங்கும். சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது இன்சுலின். அது இறங்கினால் சோடியம் போகும், கூடவே தண்ணீரும் போகும். ஈரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் வேறு, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். அது கரையும்போது அந்தத் தண்ணீரும் இறங்கிவிடும். உங்கள் 2.6 கிலோவில் பெரும்பங்கு தண்ணீர்தான், கொழுப்பு என்று சந்தோஷப்படாதீர்கள். இந்த நிலைமையில் உப்பையும் பாதியாக்கி நாலு லிட்டர் குடித்தால் கண் இருட்டாமல் என்ன செய்யும்?

சமையலில் பழைய அளவு உப்பு போடுங்கள். அதற்கு மேல் காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஒரு டம்ளர் எலும்பு சூப்பில் அரை டீஸ்பூன் உப்பு, அதாவது சுமார் 3 கிராம். சூப் இல்லாவிட்டால் வெந்நீர், எலுமிச்சை, உப்பு. தண்ணீர் தாகத்துக்கு மட்டும். உப்புக் குறைவுதான் காரணம் என்றால் அன்றைக்கே தலைவலி விட ஆரம்பிக்கும். இரண்டு நாளில் கிறுகிறுப்பு போகவில்லையா? படுத்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் போகணும். இந்த உப்புக் கணக்கு பிரஷர், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொருந்தாது.

கால் பிடிப்புக்கு இளநீர் குடிக்கச் சொல்வார்கள். பொட்டாசியம் உண்டுதான், சர்க்கரையும் உண்டு. தினம் ஒரு கப் கீரை போதும்.

ஆய்வகத்தான்:
பட்டையைப் பற்றி மட்டும். அது காட்டுவது சிறுநீரில் கழியும் அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோன். நாலு லிட்டர் தண்ணீரில் நீர்த்துப்போன சிறுநீரில் வெளிர் ரோஸ் வந்தாலே கீட்டோன் இருக்கிறது என்று அர்த்தம். சில வாரம் போனால் நிறம் இன்னும் வெளுக்கலாம். அதை வைத்து டயட் தப்பிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற இன்னொரு கீட்டோன், அது பட்டையில் தெரியவே தெரியாது. விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் லிட்டருக்கு 0.5 மில்லிமோல் தாண்டினால் கீட்டோசிஸ்.

உங்கள் மாவுச்சத்துக் கணக்கு, நார் போக: 100 பாதாம் சுமார் 120 கிராம் எடை, அதில் 11. முட்டைக்கோஸில் 7. பால் 300 மில்லியில் 14, 15. மற்றதெல்லாம் சேர்த்து நாற்பதுக்குள். குறைக்க வேண்டுமென்றால் ஒரு வேளைக் காபியைக் கடுங்காபி ஆக்குங்கள். காய்கறியில் கை வைக்காதீர்கள்.

தொடை கனப்பது வேறு கதை. மூளை சில நாளிலேயே கீட்டோனை எடுக்கத் தொடங்கிவிடும். தசை கொழுப்பை எரிக்கப் பழக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை நடை போதும்; படி ஓட்டம், பளு தூக்குவது இப்போது வேண்டாம்.

சைக்கிள்காரன்:
உப்பு போட்ட சூப் இன்றே ஆரம்பம். இன்னொன்று: அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் டாபாகிளிஃப்ளோசினும், பிரஷருக்கு டெல்மிசார்டனும் சாப்பிடுகிறார். திங்கட்கிழமை அவரையும் சேர்க்கலாமா?

மருந்துச்சீட்டு:
திங்கட்கிழமை கூடவே கூடாது. முதலில் மாத்திரை எழுதிய டாக்டரைப் பாருங்கள்.

கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். தட்டில் சோறு இல்லாவிட்டால் சர்க்கரை விறுவிறுவென்று தாழும். டெல்மிசார்டனோடு மேலே சொன்ன உப்பு இழப்பும் சேர்ந்தால் பிரஷர் அதிகமாக இறங்கலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதையும் அவருக்கு வாங்காதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, டெல்மிசார்டன் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது.

மூன்றிலும் பயப்பட வேண்டியது டாபாகிளிஃப்ளோசின். சர்க்கரையை சிறுநீரில் தள்ளுவதால் மீட்டரில் 160, 180 என்று சாதாரணமாகத் தெரியும்போதே உள்ளே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் மிஞ்சி ரத்தம் அமிலமாகும் நிலை, முற்றியிருக்கலாம். உணவுக் கீட்டோசிஸில் ரத்தம் அமிலமாவதில்லை. இதில் ஆகும், உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவது, அசதி வந்தால் மீட்டர் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய் மாத்திரையின் பெயரைச் சொல்லணும், ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லணும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும்; வீட்டில் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.