குறுஞ்செய்தியிலிருந்து குரல்பதிவு வரை: நம் பழக்கம் ஏன் இப்படி மாறியது?

கேள்வி: வைகைக்கரை
இருபது ஆண்டுகளுக்கு முன்பு என் உறவினர்கள் கைபேசியில் அனுப்பிய செய்திகள் மிகச் சுருக்கமானவை. தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதுவார்கள். இன்று அவர்களில் பலர் எழுதுவதையே விட்டுவிட்டு, இரண்டு மூன்று நிமிடக் குரல்பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இதற்குக் கட்டணம் காரணமா, கருவி காரணமா, அல்லது நம் மனப்போக்கே மாறிவிட்டதா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பொருநைவாசி
கட்டணமே முதற்காரணம் என்பேன். ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகளே அடங்கும், ஒவ்வொன்றுக்கும் காசு போகும் என்பதால்தான் உயிரெழுத்துகளை விழுங்கி எழுதப் பழகினோம். மாதச் சலுகை வைத்திருந்தவர்களுக்கும் தீபாவளி, புத்தாண்டு நாள்களில் அது செல்லாது. எனவே வாழ்த்துகள் முந்தின நாளே வந்து குவியும். வணிகச் செய்திகளின் தொல்லையைக் குறைப்பதற்காக 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 செய்திகள் என்று வரம்பிட்டு, பின்னர் அதை 200 ஆக உயர்த்தியது. 'மிஸ்டு கால்' கூட அன்று ஒரு செய்திதான்: ஒருமுறை மணி அடித்து நின்றால் பேருந்து ஏறிவிட்டேன் என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்த பிறகு, எண்ணி எண்ணி எழுத வேண்டிய தேவையே இல்லாமற்போனது.

மறுமொழி: எழுத்தாணி
மேலே சொன்னது சரியே; ஆயினும் தமிழுக்கு மட்டும் உரிய ஒரு தடை இருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் (கணினித் தரவின் மிகச்சிறு அலகு) போதும், தமிழுக்கு 16 பிட் வேண்டும் என்பதால், தமிழில் எழுதத் தொடங்கியவுடன் 160 என்ற வரம்பு 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, கைபேசிக்கு ஏழு. அவ்வளவு பாடுபட்டு அனுப்பினாலும், பெறுபவரின் கைபேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்களே தெரியும். 2005-இல் கைபேசியில் தமிழில் எழுத உதவும் முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற மென்பொருள் வந்த பின்னும், பெரும்பாலோர் கையில் தமிழ் சேர்வதற்குத் திறன்பேசிகள் பரவ வேண்டியிருந்தது. தமிழ் தட்டச்சு எளிதான வேளையில், நம்மவர்கள் பேச்சுக்குத் தாவிவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

மறுமொழி: மலர்விழி
அந்த வருத்தத்தில் நான் முழுமையாகப் பங்குகொள்ள இயலவில்லை, ஐயா. 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்த பிறகுதான், அதுவரை பேரப்பிள்ளைகளைக் கொண்டு செய்தி எழுதுவித்த என் அம்மாச்சி போன்றவர்கள், யாரையும் எதிர்பாராமல் தாமே செய்தி அனுப்பலானார்கள். அவர்கள் எழுத்தைக் கைவிடவில்லை. எழுத்து அவர்களுக்கு எட்டவே இல்லை. என் கவலை வேறு. நன்றாக எழுதத் தெரிந்தவர்களும் பிறர் எழுதியதையே நாள்தோறும் முன்னனுப்புகிறார்கள். 2018-இல் வதந்திகளால் உயிர்கள் பறிபோன பின், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்த நேர்ந்ததே, அப்பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டும்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. அம்மாச்சியைப் பற்றிச் சகோதரி சொன்னதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எனினும் திருமண மண்டபத்தின் முகவரி, வங்கிக் கணக்கு எண், மருந்தின் பெயர் ஆகியவற்றையாவது எழுத்தில் அனுப்புமாறு எங்கள் குடும்பக் குழுவில் கேட்டுக்கொள்ளப் போகிறேன், ஏனெனில் குரல்பதிவுக்குள் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருக்கிறது.