பி.டி. அடித்தும் கரும்பில் நடுக்குருத்து காய்கிறது, மருந்து போலியா?

பவானிக்கரை:
வணக்கங்க. கோபி பக்கம், கோ 86032 ரகக் கரும்பு, ஒன்றரை மாதப் பயிர். நடுக்குருத்து காய ஆரம்பித்ததும் ரசாயனம் வேண்டாமென்று பி.டி. தூள், அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, வாங்கிப் போன வாரம் காலையில் அடித்தேன். அதற்கப்புறமும் அங்கங்கே குருத்து காய்கிறது. அளவைக் கூட்டி மறுபடி அடிக்கலாமா?

சோகைமூட்டை:
அடிக்கும் முன் காய்ந்த குருத்தை இழுத்துப் பாருங்க. சுலபமாக உருவிக்கொண்டு வந்து அழுகல் நாற்றம் அடித்தால் இளங்குருத்துப் புழு. தூரில் மண்ணையொட்டி ஓட்டையும் தெரியும். கரையானாக இருந்தால் பி.டி. எவ்வளவு ஊற்றினாலும் வீண்.

பவானிக்கரை:
உருவிக்கொண்டுதான் வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. பிளந்தால் உள்ளே அழுக்கு வெள்ளைப் புழு, உடம்பில் ஊதாக் கோடுகள்.

மறுதாம்பு:
அதேதான். மருந்தைக் குறை சொல்ல அவசரப்படாதீங்க. பி.டி. மேலே பட்டுக் கொல்லும் மருந்தில்லை, புழு அதைத் தின்ன வேண்டும். தின்றால் குடலில் உள்ள காரத்தன்மையில் அந்தப் பாக்டீரியாவின் படிகப்புரதம் கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்கும். சில மணி நேரத்தில் தீனி நிற்கும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் தண்டுக்குள் புகுந்த புழு வெளியே வந்து உங்கள் இலையைத் தின்னப் போவதில்லை. உள்ளே போய்ச் சில நாள் கழித்துத்தான் குருத்து காயும் என்பதால், இப்போது காய்வதில் பல, நீங்கள் அடிக்கும் முன்பே நுழைந்தவை.

இலையின் அடிப்பக்கம் பாருங்க. தட்டையான வெள்ளை முட்டைகள், மீன் செதில் மாதிரி அடுக்கி இருக்கும். 4 முதல் 6 நாளில் பொரியும். குஞ்சுப் புழு கொஞ்ச நேரம் இலையுறையைச் சுரண்டித் தின்றுவிட்டுத்தான் துளைக்கும். நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே. வெயில் பட்டால் பி.டி. வீரியம் போய்விடும், சாயங்காலம் அடிங்க. ஒட்டுப்பசை சேர்த்து, தூர் வரை நனையணும். தாமிர மருந்தோடு கலக்கவே கூடாது. பாக்கெட்டில் போட்ட அளவே போதும்.

பவானிக்கரை:
சரிங்க. மேற்கு வரப்பைத் தாண்டி மல்பெரித் தோட்டம் இருக்கிறது, பரவாயில்லையா?

மறுதாம்பு:
அய்யய்யோ, அடிக்காதீங்க! 1901-ல் ஜப்பானில் இஷிவாத்தா இந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததே செத்த பட்டுப்புழுவில்தான். சாரல் பட்ட தழையைப் போட்டால் அவர்கள் வளர்ப்பு மனை மொத்தமும் காலி.

சோகைமூட்டை:
அப்படியென்றால் பி.டி.யை மறந்துடுங்க. காய்ந்த சிம்பை (தூரிலிருந்து கிளைக்கும் தளிரை) மண்ணோடு வெட்டி, உள்ளே இருக்கும் புழுவை நசுக்குங்க. லேசாக மண் அணைத்துத் தண்ணீர் விடுங்க, புதுச் சிம்பு வெடிக்கும். 100 சிம்பில் 15 காயாத வரை பதற வேண்டாம். பயிர் வளர்ந்தபின் கணுவைத் துளைக்கும் இடைக்கணுப் புழு வேறு; அதற்கு 4-ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை முட்டை ஒட்டுண்ணி அட்டை (புழுவின் முட்டையை அழிக்கும் குளவி ஒட்டிய அட்டை) கட்டுங்க, ஆலை ஃபீல்டுமேனிடம் இப்போதே சொல்லி வையுங்க.

பவானிக்கரை:
முட்டைக் குவியல் நாலைந்து இலையில் இருந்தது, கிள்ளி எடுத்துவிட்டேன். நாளைக்கு மண் அணைக்க ஆள் வருகிறது.