வேகமானியின் 'கேபிள்': சுழல்புரி என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பேணுவோருக்கான கையேட்டில் 'ஸ்பீடோமீட்டர் கேபிள்' என்பதற்கு என்ன சொல்லை ஆள்வது என்ற கேள்விக்கு வேகமானி வடம், வேகமானிக் கம்பி, முறுக்குக்கம்பி என்று மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. என் வீட்டில் நிற்கும் அம்பாசிடர் மார்க் 2 வண்டியிலிருந்து அந்தக் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு நிறைவளிக்கவில்லை.

வடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேர்வடம். அது பிடித்து இழுப்பதற்கானது. கிளட்சுக்கும் கைப்பிரேக்குக்கும் போகும் கம்பிகளின் வேலை இழுப்பதுதான் என்பதால், அவற்றை இழுவடம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வேகமானிக்குப் போவதோ எதையும் இழுப்பதில்லை. கியர்பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிறு பற்சக்கரம் அதன் ஒரு முனையைச் சுழற்ற, அந்தச் சுழற்சி வளைவுகளைக் கடந்து முகப்புப் பலகைக்குப் பின்னால் உள்ள மறுமுனைக்குச் சென்று சேர்கிறது. பிரிட்டிஷ் கார்களில் இருக்கும் பழைய ஸ்மித்ஸ் வேகமானிகளின் முகத்தில் 1000 என்றோ 1280 என்றோ ஓர் எண் மிகச் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். வண்டி ஒரு மைல் ஓடி முடிப்பதற்குள் இந்தக் கேபிள் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதை அந்த எண் குறிக்கிறது. எண் 1000 என்றால், மணிக்கு 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 1000 முறை சுழல்கிறது. பெயரில் அந்தச் சுழற்சி தெரிய வேண்டும் என்பதே என் கருத்து.

கம்பி என்ற சொல்லால் வேறொரு தொல்லை உண்டு. பட்டறைகளில் 'மீட்டர் கேபிள்' என்பதோடு 'மீட்டர் ஒயர்' என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, எங்கள் தெருவில் ஓர் இளைஞர் டெஸ்ட் லாம்புடன் காரின் அடியில் படுத்து மின்னிணைப்பைத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முறுக்குக்கம்பி என்ற சொல்லைக் கட்டட வேலைக்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் கான்கிரீட்டுக்குப் போடும் கம்பியைத்தான் காட்டுவார்கள்.

இனி பொருளையே பார்ப்போம். உள்ளே சுழலும் பகுதியை உறையிலிருந்து உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவிலுள்ள மெல்லிய கம்பியின்மேல் எஃகு இழைகள் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டிருந்தன. ஓர் அடுக்கு வலப்புறமாகச் சுற்றியிருந்தால் அதற்கு மேலடுக்கு இடப்புறமாகச் சுற்றியிருந்தது. முறுக்கு விழும்போது ஓர் அடுக்கு இறுக முயல்கிறது, அடுத்தது விரிய முயல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தடுத்துப் பிடித்துக்கொள்வதால்தான் இவ்வளவு மெல்லிய பொருள் வளைந்தபடியே சுழற்சியைக் கடத்துகிறது. வைக்கோற்புரி, முப்புரி நூல் என்று நாம் சொல்லும் 'புரி' இதுதான். அடுக்குகளைக் குறிக்க வலம்புரி, இடம்புரி என்ற சொற்கள் சங்கின் வழியாக நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கின்றன. சுழலும் திசையைச் சொல்லும் வலஞ்சுழி, இடஞ்சுழி ஆகியவை எந்த முனையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். புரியின் திசை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் மாறாது. வெளியடுக்கின் புரி, வண்டி முன்னோக்கி ஓடும்போது இறுகும்படி அமைந்திருக்க வேண்டும். எதிர்த்திசைக்கென்று செய்ததை மாட்டினால் அது விரிந்து உறையில் சிக்கும். எனவே இந்த வேறுபாட்டைச் சொல்லத் தனிச் சொற்கள் வேண்டும்.

ஆகவே உள்ளே சுழலும் பகுதிக்குச் 'சுழல்புரி' என்பதையும், சுழலாமல் அதைத் தாங்கும் வெளிக்குழலுக்குப் 'புரியுறை' என்பதையும் முன்வைக்கிறேன். இது சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் புரி என விரியும் வினைத்தொகை. கொல்களிறு போல லகரம் திரியாது நிற்கும். 'சுழற்புரி' என்று எழுத வேண்டியதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் கலைச்சொல்லை ஏற்கக் கூடாது என்பதால், கையேட்டுக்கு எழுதிய ஒரு பகுதியைத் தருகிறேன்:

"வேகமானியின் முள் துள்ளினால் முதலில் சுழல்புரியை உருவித் துடைக்கவும். இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்து, நடுப்பகுதி வளைந்து தொங்கும்படி விட்டு, ஒரு முனையை விரல்களுக்கிடையில் மெதுவாக உருட்டவும். நல்ல சுழல்புரி சீராகத் திரும்பும். எங்கேனும் மடங்கியிருந்தால் அந்த இடம் வரும்போது வெடுக்கென்று துள்ளும். துள்ளுவதை நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம், மாற்றிவிடவும். புரியுறையை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆரத்தைவிடக் குறுகலாக வளைக்கக் கூடாது. கிரீஸை மெல்லியதாகப் பூசிச் சுழல்புரியை உள்ளே செலுத்தியபின், வேகமானிப் பக்கத்தில் 20 சென்டிமீட்டர் வெளியே இழுத்து, அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செலுத்தவும்."

கடைசி வாக்கியத்தை நான் பட்டறிந்து எழுதினேன். சில ஆண்டுகளுக்கு முன் முழு நீளத்துக்கும் தாராளமாகக் கிரீஸ் பூசிவிட்டேன். புரி திருகுபோலச் செயல்பட்டு அந்தக் கிரீஸை மெல்ல மெல்ல மேலே ஏற்றிவிட்டது. சில மாதங்களில் வண்டி நின்ற பிறகும் முள் 40-இலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. கியர்பெட்டிப் பக்கத்து எண்ணெய்த் தடுப்பு தேய்ந்திருந்தால் கியர் எண்ணெயும் இதே வழியில் மேலேறும். 'புரி' என்ற சொல் இந்தப் பழுதின் காரணத்தையும் தன்னுள் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒரு மறுப்பை நானே எதிர்பார்க்கிறேன். 1902-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸே காப்புரிமை பெற்ற முறையில், கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதைத் தொடாமல் நிற்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி, மெல்லிய சுருள்வில்லை எதிர்த்து முள்ளைத் திருப்புகிறது. ஒரே கருவியில் இரண்டு 'சுழல்' வந்தால் குழப்பம் ஆகாதா என்று கேட்கலாம். அந்தச் சொல் எப்போதும் மின்னோட்டத்தோடும் இந்தச் சொல் புரியோடும் ஒட்டியே வருவதால் மயக்கம் நேராது என்று நினைக்கிறேன். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணுருளைகள் பற்சக்கரங்கள் வழியாக அதே சுழற்சியால் ஓடுகின்றன. அவை ஓடிக்கொண்டிருக்க முள் மட்டும் அசையாமல் கிடந்தால் சுழல்புரியில் குறையில்லை, கருவிக்குள்தான் குறை என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது.

உறையும் உள்ளிருப்பதும் சேர்ந்த முழுப்பொருளை, கடையில் கேட்டு வாங்கும் வசதிக்காக, 'மீட்டர் கேபிள்' என்றே விட்டுவிடலாம். இன்னும் எனக்குச் சொல் அகப்படாதது, சுழல்புரியின் இரு முனைகளிலும் பற்றுவதற்காகச் சதுரமாக அழுத்தப்பட்டிருக்கும் சிறு பகுதிக்குத்தான். 'சதுரமுனை' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல்லைப் பட்டறையில் யாரேனும் கேட்டிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.